பானெட்டுக்கு முன்னால் நின்றவள்

என் கணவன் ரெனார்ட் இருபத்தாறு வருஷம் வாஷிங்டனில் நகரப் பேருந்து ஓட்டினான். ஒரு பூனை வால்கூட அவன் சக்கரத்தில் மாட்டியதில்லை. யார் குறுக்கே பாய்ந்தாலும் வாயில் கெட்ட வார்த்தை வராது என்பதால் டிப்போவில் அவனுக்குப் ‘பாஸ்டர்’ என்று பெயர். ஓய்வு பெற்ற மறுமாதம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டுக்கு முன்னால் நிறுத்தினான்.

அடர் சிவப்பு. நாலு கதவு, பின்னால் திறந்த தொட்டி. ஏறுவதற்கென்று தனியாகப் படி. எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அந்த வண்டி வந்து நின்றதும் கீழ்த்தளத்து ஜன்னலில் வெளிச்சமே குறைந்துபோனது.

"எதுக்கு இது? மாடு வாங்கி மேய்க்கப் போறியா?" என்று கேட்டேன்.

"ஆயுசு முழுக்க ஊர் வண்டிய ஓட்டினேன், வெர்னல். இது என் வண்டி."

சனிக்கிழமை பொரித்த மீன் வாங்க அதில்தான் போவோம். தேவாலயத்து நாற்காலிகளை ஏற்றிப் போவான். தெருவில் யாராவது சோபா வாங்கினால் ரெனார்டைத்தான் கூப்பிடுவார்கள். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அவ்வளவு பெரிய வண்டி தேவையில்லை. ஆனால் அந்த உயரத்தில் உட்காரும்போது அவன் முகத்தில் ஒரு நிறைவு வரும். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த வருஷம் அக்டோபரில், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கடையில் பெயின்ட் வாங்கிக்கொண்டு திரும்பியவன் ரிக்ஸ் ரோடு பக்கம் ஒரு முனையில் இடதுபுறம் திரும்பினான். அவனுக்குப் பச்சை விளக்கு. நடப்பவர்களுக்கும் நடக்கலாம் என்ற விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எவ்லாலியா மென்ஹீவர் என்ற அம்மாள் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். எல் சால்வடார்காரி, அறுபத்தொரு வயசு, அலுவலகங்களைத் துப்புரவு செய்கிற வேலை. குள்ளமான அம்மாள். வேகமாக நடக்கிற மனுஷனின் வேகத்தில்தான் வண்டி திரும்பியது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

ரெனார்ட் போலீஸிடம் சொன்னது இவ்வளவுதான்: "குப்பைத்தொட்டி சாஞ்ச மாதிரி ஒரு சத்தம். நான் குப்பைத்தொட்டின்னுதான் நெனச்சேன்."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தான். அவள் ஸ்பானிஷில் என்னவோ சொன்னாளாம், திரும்பத் திரும்ப. இவனுக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

விபத்து என்றார்கள். அபராதம் கட்டினான். ஓட்டுநர் பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்து வரச் சொன்னார்கள், போய்வந்தான். மற்றதை இன்ஷூரன்ஸ்காரர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. போலீஸ் அதைத் திருப்பிக் கொடுத்தபோது கழுவி, துடைத்து, பளபளவென்று கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பினோம். நான் ஏறி உட்கார்ந்தேன். அவன் எஞ்சினைப் போட்டான். பிறகு இறங்கினான். முன்னால் போய் பானெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஏறினான். கியரில் கை வைத்தான். மறுபடி இறங்கினான்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"நான் ஏறி உக்கார்றதுக்குள்ள யாராவது வந்து நின்னிருக்கலாம்."

"யாரும் வரல ரெனார்ட். நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"உனக்குத் தெரியாது. அங்க உக்காந்தா தெரியாது."

மூன்றாவது தடவை இறங்கியபோது குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சட்டையில் முழங்கை வரை அழுக்கு. பாட்டு முடிந்து பிரசங்கம் பாதியாகியிருக்கும், நாங்கள் இன்னும் எங்கள் வாசலைத் தாண்டவில்லை. கடைசியில் சாவியை என் மடியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

அதோடு வண்டி ஓட்டுவதை நிறுத்தினான். ஆனால் வண்டி அவனை விடவில்லை. பகலெல்லாம் முன் ஜன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். எஞ்சின் ஓடாத வண்டி, சாவி என் கைப்பையில். அப்படியிருந்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று பேசினால் கண்ணாடியைத் தட்டுவான். "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்பான். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பயந்தார்கள். பிறகு எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள்.

சாப்பிடும்போது ஸ்பூனை வைத்துவிட்டுச் சொல்வான்: "பஸ்ல உக்காந்தா முன்னால நிக்கிறவன் ஷூ லேஸ் தெரியும் வெர்னல். அவ்வளவு பெரிய பஸ். கண்ணாடி முழங்காலுக்குக் கீழ வரைக்கும் எறங்கியிருக்கும். இதுல ஒண்ணுமே தெரியல. அந்தம்மா அங்க இருந்திருக்கா. எனக்குக் காலி ரோடுதான் தெரிஞ்சுது. காலியா, சுத்தமா, வெயில் அடிச்சுக்கிட்டு."

அந்தக் காலி ரோடுதான் அவனைப் பிடித்துக்கொண்டது. செத்த முகம் கண்ணில் நின்றால் அழுது தீர்க்கலாம், ஜெபம் பண்ணலாம். ஒன்றுமில்லாத ரோட்டை எப்படித் துரத்துவது? காலியாக இருக்கிற இடத்தையெல்லாம் அவன் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தான். சமையலறைக்குள் நுழையும்முன் வாசலில் ஒரு நொடி நிற்பான், யாரோ இருக்கிறார்கள், தன் கண்ணுக்குத்தான் படவில்லை என்பதுபோல.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. திறந்தேன். முப்பது வயசிருக்கும், சின்ன உருவம், தடிமனான குளிர்கோட்டு.

"மிஸஸ் டாலிவர்? என் பேரு நொயெமி மென்ஹீவர். எவ்லாலியா எங்கம்மா."

நான் கதவைப் பாதி சாத்தினேன். "வக்கீல் மூலமா பேசும்மா" என்றேன்.

"சண்டைக்கு வரலைங்க. அவரப் பாக்கணும். ஒரு உதவி கேக்கணும்."

"செத்தது உங்கம்மா. எங்ககிட்ட என்ன உதவி?"

பின்னாலிருந்து ரெனார்ட், "உள்ள விடு வெர்னல்" என்றான்.

அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். காபி வேண்டாம் என்றாள். நகர சபையில் ஒரு சட்டம் வருகிறது என்று ஆரம்பித்தாள். வண்டிகளுக்கு வருஷா வருஷம் பதிவுக்கட்டணம் கட்டுகிறோம் இல்லையா, அதை எடைக்குத் தகுந்தபடி ஏற்றப் போகிறார்கள். சின்ன காருக்குக் கொஞ்சம். எடை ஆறாயிரம் பவுண்டுக்கு மேல் போனால் ஐந்நூறு டாலர். கனமான வண்டி மோதினால் ஆள் பிழைப்பதில்லை, கனம் குறைந்தால் தெருவில் சாவு குறையும் என்பது கணக்கு. விசாரணைக் கூட்டத்தில் பொதுஜனங்கள் பேசலாம்.

"எங்களமாதிரி ஆளுங்க நெறைய பேரு பேசியாச்சு. அம்மா போனவங்க, புள்ள போனவங்க. பாவம்னு தலையாட்டுவாங்க, அடுத்த ஆளக் கூப்பிடுவாங்க. ஓட்டினவங்க ஒருத்தர்கூட வந்து பேசினதில்ல. நீங்க வரணும், மிஸ்டர் டாலிவர்."

எனக்கு எரிச்சல் வந்தது. "ஐந்நூறு டாலர் கட்டிட்டா சரியாப் போச்சா? உங்கம்மா உயிருக்கு அதான் விலையா? காசிருக்கிறவன் கட்டிட்டு ஓட்டப்போறான்."

"எனக்கும் தெரியலைங்க" என்றாள் நொயெமி. "ஆனா இந்த வண்டிய விக்கிறவன் எவ்வளவு இழுக்கும், குளிருக்கு சீட்டு எவ்வளவு சூடாகும், எல்லாம் சொல்றான். முன்னால யாரு நின்னா தெரியாதுன்னு சொல்றதில்ல. வருஷம் ஒருக்கா வீட்டுக்கு வர்ற காகிதமாவது சொல்லட்டுமே."

ரெனார்ட் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். பிறகு கேட்டான்: "உங்கம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. எனக்கு ஸ்பானிஷ் வராது. கேட்ட சத்தத்த அப்படியே சொல்றேன், அர்த்தம் சொல்றியா?"

அவள் தலையசைத்தாள். அவன் சிரமப்பட்டு, ஒரு பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, "மி... ஸபாத்தோ. மி ஸபாத்தோ" என்றான். இத்தனை மாதமும் அதை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தான் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

நொயெமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம்.

"என் செருப்புன்னு சொல்லியிருக்கு. ஒரு செருப்பு கழண்டு போயிருக்கும். அத எடுத்துக் குடுன்னு உங்ககிட்ட கேட்டிருக்கு."

ரெனார்ட் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நான்தான், "வருவான். நான் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

நகர சபை விசாரணைக்கு அவன் கல்யாண வீடுகளுக்குப் போடுகிற சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டான். அவனுக்கு முன்னால் பேசிய ஆள் குழாய் வேலைக்காரர். "உழைச்சுத் தின்கிறவன் தலையில கைவைக்கறீங்க. என் சாமான நான் சைக்கிள்லயா கொண்டு போவேன்?" என்று கேட்டார். சிலர் கைதட்டினார்கள். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

ரெனார்ட் முறை வந்தது. பேருந்து ஓட்டியதைச் சொன்னான். அந்தத் திருப்பத்தைச் சொன்னான். "அந்தம்மா அங்க இருந்தாங்க. எனக்குத் தெரியல" என்று இரண்டு தடவை சொன்னான். அதோடு வார்த்தை தீர்ந்துவிட்டது. குழுத் தலைவியாக உட்கார்ந்திருந்த பெண்மணி, நல்ல மனசோடுதான், உதவப்போகிறேன் என்றுதான் கேட்டாள்:

"மிஸ்டர் டாலிவர், நீங்க வண்டி வாங்கும்போது வருஷத்துக்கு ஐந்நூறு டாலர்னு இருந்திருந்தா, வாங்கியிருப்பீங்களா?"

நொயெமி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

ரெனார்ட் யோசித்தான். "வாங்கியிருப்பேம்மா" என்றான். "கையில காசு இருந்துச்சு. எனக்கு ஆசையா இருந்துச்சு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குழாய் வேலைக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். நேரம் முடிந்தது என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

வெளியே படிக்கட்டில் நொயெமி அவன்மேல் பாய்ந்தாள். "இதுக்கா உங்களக் கூப்பிட்டேன்? ஒரே ஒரு வார்த்த. மாட்டேன்னு சொல்லியிருந்தா போதும்."

"கேட்டாங்க. உள்ளத சொன்னேன்."

"உள்ளது. எங்கம்மா விஷயத்துல மட்டும் உங்களுக்கு எல்லாமே லேட்டாத்தான் கண்ணுக்குத் தெரியுது."

இதைச் சொல்லிவிட்டு அவள் கிடுகிடுவென்று இறங்கிப் போனாள். ரெனார்ட் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சுரங்க ரயிலில் வரும்போது, "சரியாத்தான் சொன்னா" என்றான்.

ஆனாலும் சட்டம் நிறைவேறியது. ரெனார்டால் நிறைவேறவில்லை, அவனால் நிற்கவுமில்லை. அடுத்த பதிவுக்கான காகிதம் வந்தபோது ஐந்நூறு என்று போட்டிருந்தது. எங்கள் தெருவிலேயே அதேமாதிரி வண்டி வைத்திருந்த ஒருத்தர் எல்லைக்கு அந்தப் பக்கம் மேரிலாந்தில் இருக்கிற தம்பி விலாசத்துக்கு வண்டியை மாற்றிக்கொண்டார். அங்கே இவ்வளவு கிடையாது.

"வித்துடு ரெனார்ட்" என்றேன். "ஓட்டாத வண்டிக்கு எதுக்குத் தண்டம்? அது வாசல்ல நிக்கிற வரைக்கும் நீ அந்த ஜன்னல விட்டு எந்திரிக்க மாட்ட."

அவன் உடனே சரி என்றான். விளம்பரம் போட்ட அன்றே ஒரு பையன் வந்தான். லமான்ட் கேஸ்கின்ஸ் என்று பெயர், முப்பதுக்குள் இருக்கும், மேரிலாந்தில் புல்வெட்டும் தொழில். புல்வெட்டும் இயந்திரத்தை இழுக்க இப்படி ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தானாம்.

"வாஷிங்டன்காரங்க எல்லாரும் பெரிய வண்டியத் தள்ளி விடறாங்க பெரியவரே. உங்க நகர சபை நல்லாருக்கட்டும், எங்களுக்கு யோகம்" என்று சிரித்துக்கொண்டே ஏறினான். பின் சீட்டில் குழந்தை இருக்கை பொருந்துமா என்று அளந்து பார்த்தான். ரெனார்ட் சாவியைக் கொடுத்தான். வண்டியின் கதையைச் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை.

வண்டி முனை திரும்பியதும் வாசலில் வெயில் விழுந்தது. அன்று ரெனார்ட் இரண்டு தட்டு சாப்பிட்டான். நாற்காலியை ஜன்னலிலிருந்து எடுத்து மேஜையடியில் போட்டேன்.

ஒரு வாரம்தான். அடுத்த திங்கட்கிழமை கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன், அவன் கேட்டான்: "இப்ப எங்க இருக்கும்?"

"எது?"

"அந்தப் பையன் குழந்த சீட்டுக்கு அளவெடுத்தான் வெர்னல்."

"குழந்த வண்டிக்குள்ளதானே உக்காரும்."

"ஏறுறதுக்கு முன்னால? எறங்கினதுக்கு அப்புறம்?"

வீட்டு வாசலில் நின்றவரை வண்டி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். இப்போது அது எல்லா முனையிலும் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கே ஒரு பகல் துணி மடிக்கும்போது வாசலில் அந்த எஞ்சின் உறுமுவது கேட்டது. போய்ப் பார்த்தேன். தெரு காலி. காலியென்று தெரிந்தும் படி வரை இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிறகு அவன் காலையில் பேருந்து ஏறிப் போக ஆரம்பித்தான். சாயங்காலம் வருவான். பழைய சகாக்களைப் பார்க்கப் போகிறேன் என்றான். நான் நம்பவில்லை. ஒரு நாள் பின்னாலேயே அடுத்த பேருந்தில் போனேன். விற்பனைக் காகிதத்தில் இருந்த விலாசம் எனக்கும் நினைவிருந்தது. மூன்று மாடிச் செங்கல் குடியிருப்பு, நடுவில் வண்டிகள் நிறுத்துகிற இடம். சிவப்பு வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கிறது. அதற்கு முன்னால், பானெட்டை ஒட்டி, ரெனார்ட் நிற்கிறான். லமான்ட் ஜன்னல் வழியாகக் கத்துகிறான்.

"பெரியவரே, நாலாவது நாளா வந்து நிக்கிறீங்க. எனக்கு வேலைக்கு நேரமாகுது. போலீஸக் கூப்பிடட்டுமா?"

"எறங்கி வந்து முன்னால பாரு தம்பி. பாத்துட்டு எடு."

"என்னத்தப் பாக்கறது? உங்களத்தான் பாத்துட்டேனே."

நான் ஓடிப்போய் ரெனார்டின் கையைப் பிடித்தேன். அவன் அசையவில்லை. அப்போது மாடியிலிருந்து லமான்டின் மனைவி இறங்கி வந்தாள், இடுப்பில் ஒன்று, கையில் பிடித்துக்கொண்டு ஒன்று. பெரியதுக்கு மூன்று வயசிருக்கும். "என்ன விஷயம்னு சொல்லுங்க சார். தெனமும் உங்கள ஜன்னல்லருந்து பாக்கறேன், எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

ரெனார்ட் சொன்னான். எல்லாவற்றையும். செருப்பையும் சேர்த்து.

லமான்ட் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான். பானெட்டை ஒரு பார்வை பார்த்தான், அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. "இத விக்கும்போது சொல்லணும். சொல்லாம தலையில கட்டிட்டு, இப்ப தெனமும் வந்து நின்னு... உங்க பேய எங்க வாசல்ல எறக்கி வச்சிட்டுப் போகப் பாக்கறீங்களா?"

"ஆமா தம்பி" என்றான் ரெனார்ட். "அதத்தான் பண்ணிட்டேன். திருப்பி எடுத்துட்டுப் போக வந்திருக்கேன். நீ குடுத்தத அப்படியே குடுத்துடறேன்."

"எனக்கு வேலைக்கு வண்டி வேணும்."

அவன் மனைவி பெரிய பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேற வண்டி பாத்துக்கலாம் லமான்ட். இதுல எம் புள்ளைங்கள ஏத்த மாட்டேன். இது கிட்டவும் விடமாட்டேன்." அவன் ஏதோ சொல்லப்போனான். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டு, சாவியை ரெனார்டை நோக்கி நீட்டினான்.

ரெனார்ட் வாங்கவில்லை. என்னைப் பார்த்தான். "நீ ஓட்டு."

"நீ?"

"நான் முன்னால நடக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? வீடு ரெண்டு மைல்."

"நான் முன்னால இருந்தா வேற யாரும் இருக்க முடியாது. நீ என்னப் பாத்துக்கிட்டே வா."

வாதாடிப் பயனில்லை என்று அவன் குரலில் தெரிந்தது. படியில் கால் வைத்து ஏறினேன். நான் அந்த இருக்கையில் உட்காருவது அதுதான் முதல் தடவை. ஆபத்து விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தேன். முன்னால் ரெனார்ட் நடந்தான், ஆறடி மனுஷன். அவன் தோளும் தொப்பியும்தான் எனக்குத் தெரிந்தன. பானெட் என்பது ஒரு சாப்பாட்டு மேஜை அளவுக்கு நீண்டு கிடந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒருத்தி கடந்து போகும்போது, "சவ ஊர்வலமா?" என்று கேட்டாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஊர் எல்லையான ஈஸ்டர்ன் அவென்யூவைத் தாண்டினோம். ஒரு முனையில் எங்களுக்குப் பச்சை விழுந்தது. நான் பக்கவாட்டுக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் திரும்பினேன்.

ரோடு காலியாக இருந்தது.

ரெனார்ட் இல்லை. தொப்பி இல்லை, தோள் இல்லை. வெயில், வெள்ளைக் கோடுகள், எதிரே ஒரு முடிவெட்டும் கடை. ஒரு மனுஷன் நின்ற தடயமே இல்லாத சுத்தமான ரோடு. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. என்ன சத்தம் கேட்டது, ஏதாவது சத்தம் கேட்டதா, குப்பைத்தொட்டி மாதிரி ஏதாவது... நினைவைத் தோண்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கதவைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தால் பார்க்க வேண்டியிருக்கும்.

பானெட்டின் விளிம்பில் தொப்பி எழுந்தது. பிறகு நெற்றி, கண். ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, குனிந்து கட்டினேன் என்றான். பானெட்டுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்ததாம்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்த அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக ரெனார்ட் தன் துக்கத்தை மறந்து வேறொருத்தருக்காகப் பயந்ததை அந்தக் கண்ணில் பார்த்தேன். ஓடிவந்து கதவைத் திறந்து என்னைத் தூக்கி இறக்கினான்.

"இனி ஒரு அடி ஓட்ட மாட்டேன்" என்றேன். "இது வீட்டுக்கு வரக்கூடாது."

முடிவெட்டும் கடை வாசலில் உட்கார்ந்து இழுவை வண்டிக்குப் போன் பண்ணினோம். பிளாடன்ஸ்பர்க் ரோட்டில் பழைய வண்டிகளை நசுக்குகிற இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னோம். வந்தவன் தலையைச் சொறிந்தான். "நல்லா ஓடுற வண்டிய எவனாவது நசுக்குவானா? வித்தா காசு வருமே."

"வித்துப் பாத்தாச்சு" என்றான் ரெனார்ட்.

அன்று மதியமே நான் நொயெமிக்குப் போன் பண்ணினேன். அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை நாங்கள் போனபோது இரும்புக் கதவுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். வேலைக்குப் போகிற உடையில், கையில் ஒன்றுமில்லாமல்.

வண்டி நடு முற்றத்தில் நின்றது. அவள் அதற்கு நேர் முன்னால் போய் நின்றாள். பானெட்டின் விளிம்பு அவள் கழுத்துக்கு வந்தது. ரெனார்ட் அவளை இழுக்க ஓரடி முன்னால் போனான். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் விளிம்பைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அம்மா என்னவிடக் குட்ட" என்றாள்.

பிறகு சொன்னாள்: "அன்னிக்கு நீங்க பொய் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா இன்னிக்கு வந்திருக்க மாட்டேன்."

எந்திரம் இறங்கியபோது முதலில் கண்ணாடிகள் போயின. இரும்பு மடிகிற சத்தம் நான் நினைத்த அளவுக்கு இல்லை. நொயெமி கடைசிவரை நின்றாள். ரெனார்டும் நின்றான். நான்தான் பாதியில் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது ரெனார்ட் பரவாயில்லை. குணமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன், அக்டோபர் மாதம் இன்னமும் எங்கள் வீட்டில் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் தூங்குகிறான். தெரு விபத்துகளைப் பற்றி நொயெமி கூட்டம் போடும் நாட்களில் நாற்காலி போட்டுக் கொடுக்கப் போகிறான். பெரிய வண்டி வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் புத்தி சொல்வதில்லை, விற்பனைக் கூடத்துக்குக் கூடவே போகிறான். அவர்களை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்து, தான் பானெட்டுக்கு முன்னால் நின்று, மெதுவாகக் குனிகிறான். அதைப் பார்த்த பிறகும் சிலர் வாங்கியிருக்கிறார்கள்.

எனக்குத்தான் இப்போது வேறுமாதிரி ஆகிவிட்டது. கடையில் அலமாரிக்கு அந்தப் பக்கம் அவன் நகர்ந்தால் கூடையை அப்படியே வைத்துவிட்டுத் தேடிப் போகிறேன். வீட்டில் அவன் அடுத்த அறையில் இருந்தாலும் கூப்பிடுகிறேன். முதலில் எதுக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது கேட்பதில்லை. என்ன வேலையாக இருந்தாலும் எழுந்து வந்து, நான் பார்க்கிற மாதிரி வாசலில் நின்றுவிட்டுப் போகிறான்.